எதிர் நாற்காலி

அந்தக் குழாய்த் தொழிற்சாலையில் எந்த வேலை கஷ்டமான வேலை என்று கேட்டால், உலைக்காரர் உலையைச் சொல்வார், மெருகு போடுகிறவர் தூசியைச் சொல்வார், லாரியில் ஏற்றுகிறவர் பதில் சொல்லாமல் முதுகைக் காட்டுவார். நிர்வாகத்தின் அதிகாரபூர்வமான பதில் வேறு. சாப்பிடுவதுதான் கஷ்டம். அதிலும் குழாய் வாங்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது.

அதற்கென்றே நிர்வாகக் கட்டடத்தின் மேல்மாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு துறை இருந்தது. மேசைப் பண்பாட்டுத் துறை என்று பெயர். அது பிறந்த கதை தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். முன்னொரு காலத்தில், தட்டில் மிச்சம் வைத்தால் விருந்து கொடுத்தவருக்கு அவமானம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு விருந்தாளியும், தட்டு காலியானால் உடனே நிரப்பாவிட்டால் விருந்தாளிக்கு அவமானம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு மேலாளரும் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டார்கள். இருவரும் நல்லவர்கள். அதனால் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் விருந்தாளியை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். குழாய் வியாபாரம் வேறு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டு பேரும் வாயைத் திறந்து "போதும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம். ஆனால் ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு மேல்மாடி கிடைக்காது. துறை வந்தது. உலகத்து நாடுகளையெல்லாம் அது பிரிவு பிரிவாகப் பிரித்தது. சூப்பை உறிஞ்சினால் பாராட்டு என்று எடுத்துக்கொள்பவர்கள் ஒரு பிரிவு, உறிஞ்சினால் எழுந்து போய்விடுபவர்கள் இன்னொரு பிரிவு. ரொட்டியைத் தட்டில் வைப்பவர்கள், மேசைவிரிப்பின் மேலேயே வைப்பவர்கள். கோப்பையைத் தூக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டியவர்கள், பார்க்கவே கூடாதவர்கள். உப்பு கேட்டால் சமையல்காரரைத் திட்டியதாக நினைப்பவர்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அதிகாரி, ஒவ்வோர் அதிகாரிக்கும் ஓர் அறை. அவர்களில் எவரும் நம் நாட்டு எல்லையைத் தாண்டியதில்லை. தாண்டினால் நடுநிலைமை போய்விடும் என்பது துறையின் கொள்கை.

விருந்து மேசையில் தலைமை விருந்தினருக்கு நேர் எதிரே ஒரு நாற்காலி உண்டு. எதிர் நாற்காலி என்று அதற்குப் பெயர். அதிகாரி அல்லாத ஒரு சாதாரண ஊழியர் அதில் உட்காருவார். தொழிலாளியும் எங்களோடு சமமாகச் சாப்பிடுகிறான் என்று வெளிநாட்டாருக்குக் காட்ட இந்த ஏற்பாடு. அதில் ஒருமுறை ஒழுங்காக உட்கார்ந்து எழுந்தவருடைய படத்தை நுழைவாயிலில் மாட்டுவார்கள். அடுத்து ஏற்றுமதிப் பிரிவில் பொறுப்பாளர் பதவி. இந்த முறை அந்த நாற்காலிக்கு யார் என்று அறிவித்தபோது, விற்பனைப் பிரிவில் இருந்த ஒரு ஆளின் பெயர் வந்தது. அந்த ஆள் நம் கசிவுக்காரருக்குச் சகலை.

கசிவுக்காரர் என்பது தொழிற்சாலை வைத்த பெயர். முடிந்து வருகிற குழாயைத் தண்ணீர் வரும் இணைப்பில் மாட்டி, திருகி மூடி, காதை வைத்துக் கேட்டு, கசிவு இருந்தால் தூக்கிப் போடுவது அவர் வேலை. அவர் தலையை ஆட்டாமல் ஒரு குழாயும் வெளியே போகாது. இதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சகலையை அதே தொழிற்சாலையில் சேர்த்துவிட்டதும் இவர்தான். மனைவியின் தங்கை புருஷன் சும்மா இருக்கிறானே என்று பாவம் பார்த்தார். அந்தப் பாவம் இப்போது எதிர் நாற்காலியில் ஏறி உட்காரப் போகிறது. அறிவிப்பைக் கேட்ட நிமிஷம் கசிவுக்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சு.

"தங்கச்சி போன் பண்ணா," என்றாள் மனைவி. "அவ வீட்டுக்காரர் இப்பல்லாம் வீட்டுலயும் கத்தி, முள்கரண்டி வச்சுத்தான் சாப்பிடறாராம்."

"எல்லாத்தையுமா?"

"வாழைப்பழத்தைக்கூட."

"சும்மா சொல்லுவா உன் தங்கச்சி. வாழைப்பழத்தை யாராவது வெட்டிச் சாப்பிடுவாங்களா?"

"எனக்கென்ன தெரியும்? நாற்காலி கெடைச்சவங்க சாப்பிடுவாங்க போல."

மனைவி துணி காயப்போட மாடிக்குப் போனதும் கசிவுக்காரர் ஒரு வாழைப்பழத்தைத் தட்டில் வைத்து வெட்டிப் பார்த்தார். பழம் நழுவியது, கத்தி நழுவவில்லை. மறுநாள் கட்டுப்போட்ட விரலோடு வேலைக்குப் போனவரை என்ன ஆச்சு என்று எல்லோரும் கேட்டார்கள். குழாய் கீறிவிட்டது என்றார். சகலைதான் முதல் ஆளாக மருந்து வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். அது வேறு எரிச்சலைக் கிளப்பியது.

அன்று மத்தியானமே மேல்மாடிக்குப் போய் மேசைப் பண்பாட்டுத் துறையின் இயக்குநரைப் பார்த்தார்.

இயக்குநர் உயரமான, ஒடிந்துவிடுவாரோ என்று தோன்றும் மனிதர். உலகத்து மேசைகளையெல்லாம் கரைத்துக் குடித்தவர், ஆனால் அவர் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. அறைக்கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பிஸ்கட் கடிப்பார் என்று பியூன் சொல்வதுண்டு. அவரிடம் இன்னொரு விசேஷம், உட்கார்ந்தால் நம்மைப் போலப் பேசுவார், எழுந்து நின்றால் மேடைப் பேச்சு வந்துவிடும்.

"சார், அந்த எதிர் நாற்காலி…"

"அது உங்க சகலைக்குப் போயாச்சே."

"அதைத்தான் சார் கேக்க வந்தேன். அவன்கிட்ட என்ன இருக்கு, என்கிட்ட என்ன இல்ல?"

"முகம்," என்றார் இயக்குநர். "அவருக்கு, சாப்பாடு பிடிச்சிருக்குங்கற முகம். சாப்பிடாதப்பகூட அப்படித்தான் இருக்கு. உங்க முகத்தைப் பாத்தா, சாப்பாட்டுல என்னமோ கெடந்து நீங்க அதைச் சொல்லாம இருக்கற மாதிரி இருக்கு."

கசிவுக்காரர் முகம் தொங்கிப்போனது. இயக்குநர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வரவேற்புத் துறையின் வாசலில் நாலைந்து பேர் சிவப்புக் கம்பளம் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா? கம்பளம் வாங்கிட்டாங்க," என்றார் இயக்குநர் பெருமூச்சோடு. "சிரிக்கறதும் கை குலுக்கறதும் ஒரு வேலையா? அதுக்கு எங்களைவிட அதிகமா விதி வச்சிருக்காங்க. எத்தனை பல்லு தெரியணும்னுகூட விதி இருக்கு. எங்களுக்கு ஒரு வருஷமா ஒரு புது விதி வரல. ஏன் தெரியுமா? ஒத்திகைக்கு விருந்தாளியா நடிக்க வர்றவங்க எல்லாம் நல்லவங்களா இருக்காங்க. என்ன செஞ்சாலும் பரவால்லைங்கறாங்க. ஒரு துறை வளரணும்னா யாராவது மனசு புண்பட்டாத்தானே வளரும்?"

திடீரென்று திரும்பினார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கசிவு பாக்கறேன் சார்."

"நல்லா இருக்கற குழாயிலயும் குறை கண்டுபிடிக்க முடியுமா?"

"வேணும்னு நெனச்சா முடியும் சார்."

இயக்குநர் எழுந்து நின்றார். "இத்தனை காலம் இந்தத் துறை யாருக்காகக் கண் விழித்துக் காத்திருந்ததோ, அந்த மாமனிதர் நீங்கள்தான்! உங்களை ஒத்திகை விருந்தினராக நியமிப்பதில் துறை பெருமிதம் கொள்கிறது!"

ஒத்திகை விருந்தினர் என்றால், நிஜ விருந்தாளி வரும்வரை அவருடைய இடத்தில் உட்கார்ந்து நடிப்பவர். எதிர் நாற்காலிக்காரர் அவருக்கு உபசாரம் செய்து பழகிக்கொள்வார். அதாவது சகலை தினமும் இவருக்கு எதிரே பவ்யமாக உட்கார்ந்து இவரைத் திருப்திப்படுத்த வேண்டும். கசிவுக்காரருக்கு இது நாற்காலி இல்லைதான். ஆனால் நாற்காலியை ஆட்டுகிற இடம். சரி என்றார்.

ஒத்திகை அறையில் நீளமான மேசை. பாலைப் போல வெள்ளை விரிப்பு. வரிசையாகத் தட்டுகள், கிண்ணங்கள், கோப்பைகள், கத்திகள், எதற்கென்றே தெரியாத ஒரு சின்னக் கரண்டி. சாப்பாடு மட்டும் கிடையாது. விரிப்பு கறையாகிவிடும் என்பதால் துறை தொடங்கிய நாளிலிருந்து உணவுக்கு அனுமதி இல்லை. காலிக் கிண்ணத்திலிருந்து காற்றை எடுத்து, காற்றை ஊதி ஆறவைத்து, காற்றை விழுங்க வேண்டும். அதிகாரிகள் சுவரோரம் நின்று பார்ப்பார்கள்.

முதல் நாள் கசிவுக்காரர் உறிஞ்சும் நாட்டுக்காரர். கழுத்தில் அதற்கான அட்டை தொங்கியது. சகலை எதிரே உட்கார்ந்து, பழக்கியபடியே இல்லாத சூப்பை நன்றாக உறிஞ்சினான். உண்மையில் அழகாகத்தான் உறிஞ்சினான். கண்ணை மூடினால் சூப்பின் மணம்கூட வந்தது. அதுதான் கசிவுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்கு மனசு புண்பட்டுடுச்சு."

இயக்குநர் ஆவலோடு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லுங்க, சொல்லுங்க. எங்க?"

"என்னைவிட சத்தமா உறிஞ்சிட்டாரு. அப்ப என் சூப்பைவிட அவரோட சூப்பு நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?"

இயக்குநர் கண்ணை மூடி இதை ருசித்தார். துறை இத்தனை காலம் காற்றைப் பரிமாறியதில் யாராவது ருசித்தது அதுவே முதல் தடவையாக இருக்கும். "விருந்தளிப்பவரின் உறிஞ்சல், விருந்தினரின் உறிஞ்சலை மிஞ்சக் கூடாது!" என்று எழுந்து நின்று அறிவித்தார். அதிகாரிகள் கை தட்டினார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு புது விதி.

சகலை எழுந்து வந்து, "மன்னிச்சுக்குங்க அண்ணே, எனக்குத் தோணவே இல்ல. உங்களாலதான் நான் கத்துக்கறேன்," என்றான். நிஜமாகவே சொன்னான். கசிவுக்காரர் அவன் முகத்தில் கிண்டல் தெரிகிறதா என்று காதை வைத்துக் கேட்காத குறையாகத் தேடினார். ஒரு சொட்டுக்கூட இல்லை. இப்படிப்பட்ட குணம் தனக்கு வாய்க்கவில்லையே என்று அதற்கும் பொறாமைப்பட்டார்.

அதன் பிறகு கசிவுக்காரர் தினமும் புண்பட்டார். எந்த நாட்டு அட்டையை மாட்டினாலும் புண்பட்டார். சகலை சாப்பாட்டைப் புகழ்ந்தால், எங்கள் வீட்டுச் சாப்பாடு மட்டமா என்றார். புகழாமல் இருந்தால், விஷம் வைத்திருக்கிறீர்களா என்றார். சகலை நிமிர்ந்து உட்கார்ந்தால் திமிர், குனிந்து உட்கார்ந்தால் தட்டை ஒளிக்கிறான். கடைசியில், விருந்தளிப்பவரின் இடது தோள் விருந்தினரின் தோளைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. விருந்தினர் பார்க்கும்போது விழுங்கக் கூடாது. விருந்தினர் பார்க்காதபோது விழுங்கினால் திருட்டுத்தனம். விருந்தினர் தன் வாயால் "வயிறு நிறைந்துவிட்டது" என்று சொன்ன பிறகுதான் எதிர் நாற்காலிக்காரர் முதல் கவளத்தைத் தொடலாம். எதை நீட்டினாலும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி மூன்றாவது தடவைதான் வாங்க வேண்டும். விருந்தினரின் நாற்காலி காலியாக இருக்கும்போது எதிர் நாற்காலிக்காரர் எழுந்திருக்கவே கூடாது. இந்தக் கடைசி விதி, கசிவுக்காரர் ஒருநாள் பாதியில் டீ குடிக்கப் போனபோது சகலையை அங்கேயே உட்கார வைத்துவிட்டுப் போவதற்காகச் செய்தது. போனவர் இரண்டாவது டீயும் குடித்தார்.

இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தினமும் ஜன்னலருகே போய் நின்று வரவேற்புத் துறையின் கம்பளத்தைக் குனிந்து பார்ப்பார், பழைய பெருமூச்சு இல்லை. ஒருநாள் அதிகாரிகளைக் கூட்டி நின்றபடி முழங்கினார்.

"அன்பர்களே! பசிக்காகச் சாப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. அது காட்டுமிராண்டிக் காலம். பின்னர் ருசிக்காகச் சாப்பிட்டார்கள். அது சோம்பேறிக் காலம். இன்று நாம் ஒழுக்கத்துக்காகச் சாப்பிடுகிறோம். நாளை, சாப்பிடாமலேயே சாப்பாட்டு ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்கும் பொற்காலம் மலரும்! எங்கே உணவு குறைகிறதோ அங்கே தவறு குறைகிறது! கீழ்த்தளத்தில் வெறும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்கட்டும்!"

கடைசி வாக்கியத்துக்குத்தான் கைதட்டல் அதிகம்.

வீட்டிலும் கசிவுக்காரருக்குப் பழக்கம் விடவில்லை. ஒரு ராத்திரி மனைவி தட்டை வைத்த விதம் சரியில்லை என்றார். தட்டை வைக்கும்போது விளிம்பில் கட்டைவிரல் பட்டால் விருந்தாளியைத் தள்ளிவிடுவதாக அர்த்தம் என்று விளக்கினார்.

"விருந்தாளியா இருந்தா விடிஞ்சதும் கெளம்பணும்," என்றாள் மனைவி. "கெளம்பறீங்களா?"

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். குழம்பை ஊற்றிக்கொண்டே அவள் கேட்டாள். "அவரை எதுக்கு இப்படிப் படுத்தறீங்க? தினம் ஒரு டஜன் தடவை மன்னிப்புக் கேட்டுட்டு வர்றாராம். தங்கச்சி சொல்றா."

"குறை சொல்றானா என்னைப் பத்தி?"

"குறை சொன்னாத்தான் பரவால்லையே. எங்க அண்ணனுக்கு எவ்வளவு விஷயம் தெரியுதுன்னு பெருமையா சொல்றாராம்."

அன்று ராத்திரி கசிவுக்காரருக்குத் தூக்கம் வரவில்லை. அவன் திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

கடைசி ஒத்திகை வந்தது. காலையிலிருந்து எல்லாப் பிரிவு நாடுகளாகவும் மாறி மாறி உட்கார்ந்து கசிவுக்காரர் களைத்துப் போயிருந்தார். சகலை இப்போது ஒரு விதியையும் மீறுவதில்லை. தோள் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது, விழுங்கவில்லை, நிமிரவில்லை, குனியவில்லை. கசிவுக்காரர் எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. நாளை இவன் இதே மாதிரி உட்காருவான், படத்தை மாட்டுவார்கள், நான் தினமும் அந்தப் படத்துக்குக் கீழே நுழைந்து வேலைக்குப் போவேன் என்று நினைத்தார். காதில் புகை வந்தது. அப்போது அவர் வயிறு மெல்ல உறுமியது.

சகலை காதில் அது விழுந்துவிட்டது. விதியெல்லாம் மறந்து, மேசைக்கு மேலே எட்டி, தாழ்ந்த குரலில் கேட்டான். "காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையே அண்ணே, பசிக்கலையா?"

கசிவுக்காரர் துள்ளி எழுந்தார். "கேட்டீங்களா சார்? பசிக்குதான்னு கேக்கறாரு! ஒரு நாட்டோட பிரதிநிதியைப் பாத்துப் பசிக்குதான்னா என்ன அர்த்தம்? நான் என்ன, சோத்துக்கு வந்தவனா?"

அதிகாரிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உறிஞ்சும் பிரிவின் அதிகாரி சுவரைப் பிடித்துக்கொண்டார். இயக்குநர் நின்றபடியே இருந்தார், ஆனால் மேடைப் பேச்சு வரவில்லை. அவ்வளவு அதிர்ச்சி. "இத்தனை வருஷத்துல இந்த அறையில யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்ல," என்றார் கடைசியில். "பசி! சாப்பாட்டு மேசையில வந்து பசி!"

அங்கேயே தீர்ப்பு ஆயிற்று. சகலையைச் சமையலறைக்குத் தட்டு தூக்க அனுப்பினார்கள். எதிர் நாற்காலிக்கு இப்போது யார் என்ற கேள்வி வந்தது. எல்லா விதிகளும் மனப்பாடமாகத் தெரிந்தவர் ஊரிலேயே ஒருவர்தான். அவற்றைச் செய்தவர்.

கசிவுக்காரர் வீட்டுக்குள் நுழைந்ததுமே செய்தியைச் சொன்னார். மனைவிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"தங்கச்சி போன்ல அழுதுட்டா. நான் யார் பக்கம் பேசறது?"

"என் பக்கம்."

"உங்க பக்கத்துல எங்க எடம் இருக்கு? அங்கதான் நாற்காலி கெடக்கே," என்று சொல்லிவிட்டு, அவர் கோட்டுக்கு இஸ்திரி போட ஆரம்பித்தாள். கோட்டு, எதிர் நாற்காலிக்கென்று துறை சகலைக்காகத் தைத்தது. தோளில் கொஞ்சம் பெரிதாக இருந்தது. கசிவுக்காரர் கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொண்டார். பல வாரங்களுக்குப் பிறகு வயிறு எரியவில்லை.

மறுநாள் விருந்தாளி வந்தார். வயதானவர், கனத்த உடம்பு, மூன்று விமானம் மாறி வந்திருந்தார். விமானத்தில் எதுவும் கொடுக்கவில்லையாம். கீழே வரவேற்புத் துறை அவரைப் பிடித்துக்கொண்டது. கம்பளத்தின் இந்த முனையில் ஒரு சிரிப்பு, அந்த முனையில் ஒரு சிரிப்பு, நடுவில் ஒவ்வோர் அதிகாரியின் கையையும் விதிப்படி குலுக்கல் என்று அவர் மேலே வந்து சேருவதற்குள் முகம் வெளுத்துவிட்டது. கூடவே மொழிபெயர்க்கிற பெண் ஒருத்தி. பின்னாலேயே வரவேற்புத் துறைக்காரர்கள் நாலு பேர், இங்கே என்ன தவறு நடக்கிறது என்று பார்க்க வந்து நின்றார்கள்.

இந்த முறை விருந்தை ஒத்திகை அறையிலேயே வைத்திருந்தார்கள். வெள்ளை விரிப்பின் மேல் முதல்முறையாக நிஜச் சாப்பாடு வந்தது. ஆவி பறக்கும் சூப், அப்போதுதான் சுட்ட ரொட்டி, வறுத்த மீன். அந்த மணம் அறைக்குப் பழக்கமில்லாதது. இரண்டு அதிகாரிகள் தடுமாறி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். எதிர் நாற்காலியில் கசிவுக்காரர் இடது தோளைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தார். நெஞ்சு நிறைந்திருந்தது. சமையலறையின் ஆடும் கதவுக்கு அந்தப் பக்கம், ஏப்ரன் கட்டிக்கொண்டு தட்டு துடைக்கும் சகலை ஒரு கணம் தெரிந்தான். அவனைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார்.

விருந்தாளி அவசரமாகக் கரண்டியைத் தூக்கினார். மேசையைச் சுற்றி இருந்த அத்தனை அதிகாரிகளும் தங்கள் கரண்டியைக் கீழே வைத்து, இடது தோளை இறக்கினார்கள். விருந்தாளி திகைத்துப்போய்க் கரண்டியை வைத்தார். இவர்கள் தூக்கினார்கள். அவர் மறுபடி தூக்கினார். இவர்கள் வைத்தார்கள். இது கொஞ்ச நேரம் நடந்தது. அவர் தன்னுடைய தோளைப் பார்த்துக்கொண்டார், தாழ்ந்திருந்த தோள்களைப் பார்த்தார், சந்தேகத்தோடு தன் தோளையும் கொஞ்சம் இறக்கினார். உடனே எல்லோரும் இன்னும் இரண்டு விரற்கடை இறங்கினார்கள்.

"எதிர்ல இருக்கறவர் ஏன் சாப்பிடலைன்னு கேக்கறாரு," என்றாள் மொழிபெயர்க்கிற பெண்.

"வயிறு நெறைஞ்சிடுச்சுன்னு அவர் சொன்னாத்தான் நாங்க தொடலாம்," என்றார் இயக்குநர் பெருமையாக.

அவள் சொன்னாள். விருந்தாளி ஏதோ சொன்னார். "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேங்கறாரு."

விருந்தாளி நல்ல மனிதர். எதிரே இருக்கும் ஆள் தன்னால் பட்டினி கிடப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. ரொட்டித் தட்டை எடுத்து மேசைக்கு மேலே நீட்டினார். ரொட்டியின் சூடு கசிவுக்காரர் முகத்தில் பட்டது. காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனாலும் விதி விதிதான்.

"வேண்டாம்," என்றார்.

விருந்தாளி மறுபடி நீட்டினார்.

"வேண்டாம்," என்றார், மூன்றாவது தடவைக்குக் கையைத் தயாராக வைத்துக்கொண்டு.

விருந்தாளி தலையை அசைத்துத் தட்டைத் திரும்ப வைத்துவிட்டார். கசிவுக்காரரின் கை விரிப்பின் மேல் அநாதையாகக் கிடந்தது.

"அவங்க ஊர்ல ரெண்டு தடவைக்கு மேல கேட்டா வற்புறுத்தறதா அர்த்தமாம்," என்றாள் அந்தப் பெண். "உங்க மனசு நோகக் கூடாதுன்னு விட்டுட்டாராம்."

சிறிது நேரம் சூப்பு ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விருந்தாளி கை கழுவ வேண்டும் என்று சைகை காட்டி எழுந்தார். ஆடும் கதவைத் தள்ளிக்கொண்டு போனார். போனவர் திரும்பவில்லை.

நாற்காலி காலியாக இருந்தது. கசிவுக்காரர் எழுந்திருக்க முடியாது. முதலில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்துவிடுவார் என்று தோளைத் தாழ்த்தியபடியே காத்திருந்தார். அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. சமையல்காரம்மாவின் சிரிப்பு, கூடவே முன்பின் கேட்டிராத ஒரு கனத்த சிரிப்பு, பிறகு சகலையின் சிரிப்பு.

யாரோ தண்ணீர்க் குடத்தோடு உள்ளே போனபோது கதவு திறந்து மூடியது. அந்த இடைவெளியில் பார்த்தார். விருந்தாளி கோட்டைக் கழற்றிவிட்டு, அடுப்பருகே நின்றுகொண்டு, ரொட்டியைப் பிய்த்துப் பானைக்குள்ளேயே முக்கித் தின்றுகொண்டிருந்தார். சகலை அவருக்குத் தன் கையால் மீனில் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மொழிபெயர்க்கிற பெண் இந்தப் பக்கம்தான் இருந்தாள். அவள் இல்லாமலே அங்கே பேச்சு நடந்துகொண்டிருந்தது.

கசிவுக்காரர் கணக்குப் பார்த்தார். நாற்காலி தன்னுடையதுதான். கோட்டும் தன்னுடையதுதான். நுழைவாயிலில் மாட்டப்போவதும் தன் படம்தான். இருந்தும் அந்தப் பானையருகே நிற்கிற இடம் அவனுக்குப் போய்விட்டதே என்று நினைத்தார். எங்கே தள்ளிவிட்டாலும் அங்கே போய் நன்றாக இருந்துவிடுகிறான். அதை நினைக்க நினைக்க வயிறு பழையபடி எரிய ஆரம்பித்தது.

மேசையருகே இயக்குநர் எழுந்து நின்று, காலி நாற்காலியை நோக்கிப் பேசத் தொடங்கினார். "இதோ! ஒரு தவறும் நிகழாத விருந்து! விருந்தினரே இல்லாத மேசையில் விருந்தினர் மனம் புண்படுவதற்கு ஏது வாய்ப்பு? இந்தத் துறையின் கனவு இன்று நனவாயிற்று!" அதிகாரிகள் சத்தம் வராமல் கை தட்டினார்கள். வரவேற்புத் துறைக்காரர்கள் தட்டவில்லை. அவர்கள் நாலு பேரும் ஆடும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்து சகலை எட்டிப் பார்த்தான். நெற்றியில் வியர்வை, கன்னத்தில் மாவு.

"அண்ணே, உள்ள வாங்க. இந்தக் குழாயெல்லாம் ஒழுகாம பாத்துக்கறது யாருன்னு கேக்கறாரு. எங்க அண்ணன்னு சைகையில சொன்னேன். உங்களைப் பாக்கணுமாம். வாங்க, ரொட்டி சூடா இருக்கு."

கசிவுக்காரருக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. கால்கூட அசைந்தது. ஆனால் எழுந்தால் நாற்காலி போச்சு. "வேண்டாம்," என்றார்.

"அட, வாங்கண்ணே. நானா கூப்பிடறேன், அவருதான் கூப்பிடறாரு."

"வேண்டாம்."

சகலை மூன்றாவது தடவை கேட்க வாயெடுத்தான். கசிவுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அந்தக் கனத்த குரல், கூடப்பிறந்தவனைக் கூப்பிடுவது போல உரிமையோடு சத்தம் போட்டது. சகலை சிரித்துக்கொண்டே திரும்பி ஓடினான். கதவு மூடிக்கொண்டது.

பேச்சை முடித்துப் பக்கத்தில் உட்கார்ந்த இயக்குநர் பக்கம் கசிவுக்காரர் மெல்லச் சாய்ந்தார். "சார், உள்ள விருந்தாளி நின்னுகிட்டே சாப்பிடறாரு."

"தெரியும். அது நம்ம எல்லையில வராது. நம்ம விதி இந்த அறைக்கு மட்டும்தான்."

"பானையிலேர்ந்து நேரா எடுத்துச் சாப்பிடறாரு."

"சமையலறைக்குத் துறை எதுவும் கெடையாதே."

"அதான் சார் சொல்ல வந்தேன்," என்றார் கசிவுக்காரர். "அந்த நாலு பேரு ரொம்ப நேரமா அந்தக் கதவையே பாத்துட்டு இருக்காங்க. நாளைக்கே அங்க ஒரு கம்பளத்தைப் போட்டுட்டா?"

இயக்குநர் முகம் இருண்டது. வரவேற்புத் துறையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து விறுவிறுவென்று நடந்து கதவை இரண்டு கையாலும் தள்ளினார். அதிகாரிகள் எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள். மொழிபெயர்க்கிற பெண்ணும் ஓடினாள், வரவேற்புத் துறையும் ஓடிற்று. இத்தனை பேர் நுழைந்ததில் கதவு மூட வழியில்லாமல் அகலத் திறந்தே நின்றது.

"எல்லாரும் அப்படியே இருங்கள்!" என்ற இயக்குநரின் மேடைக் குரல் கேட்டது. "பானையை யார் திறந்தது? எந்தத் தோள் தாழ்ந்திருக்கிறது?"

சிரிப்பு நின்றது. தலைகளுக்கு நடுவே கசிவுக்காரருக்கு நன்றாகத் தெரிந்தது. சமையல்காரம்மா கரண்டியை மறைத்தாள். விருந்தாளி வாயில் இருந்ததை மெல்லாமல், ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, இடது தோளை இரண்டு விரற்கடை இறக்கினார். சகலையின் முகத்திலிருந்து, சாப்பிடாதபோதும் இருக்கும் அந்தச் சாப்பாடு பிடித்த முகம், இறங்கிப் போவதைக் கடைசிவரை பார்த்தார்.

கசிவுக்காரருக்கு வயிறு குளிர்ந்தது. இவ்வளவு நாள் எரிந்த எரிச்சல் அப்படியே அடங்கிப்போனது. கொஞ்ச நேரம் அந்தச் சுகத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம்தான் அதே வயிற்றில் பசி என்று ஒன்று இருப்பது தெரிந்தது. மேசையில் எல்லாம் இருந்தது. அறையில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. இனி இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி மூன்றாவது தடவை வாங்கிக்கொள்வதற்கும், முதல் தடவை கேட்க யாராவது வர வேண்டும்.